முட்டையை எப்படிப் போடட்டும்?

அமெரிக்க டைனர்களில் முட்டை கேட்டால் உடனே முட்டை வராது. முதலில் கேள்விதான் வரும். உங்கள் முட்டை எப்படி வேண்டும்? புதிதாகப் போகிறவர்களுக்கு இதைவிடச் சங்கடமான கேள்வி வேறில்லை. விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி கேட்கும் கேள்விகளுக்காவது முன்கூட்டியே பதில் தயார் செய்துகொண்டு போகலாம்.

பதில்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. 'சன்னி சைட் அப்' என்றால் திருப்பவே கூடாது. மஞ்சள் கரு மேலே பார்த்தபடி இருக்கவேண்டும். 'ஓவர் ஈஸி' என்றால் திருப்பிப் போட்டு அரை நிமிடத்துக்குள் எடுத்துவிட வேண்டும். வெள்ளை இறுகியிருக்கும், உள்ளே மஞ்சள் தண்ணீராக ஓடும். 'ஓவர் மீடியம்' அதற்கு அடுத்த படி. 'ஓவர் ஹார்ட்' முழுக்கக் கெட்டி. இதற்கப்பால் கலக்கியது, ஓட்டை உடைத்து வெந்நீரில் விட்டது, ஓட்டோடு அவித்தது. இதைச் சொல்லி முடித்தோம் என்று மூச்சு விட்டால் ரொட்டி வந்து நிற்கும். வெள்ளையா, கோதுமையா, ரையா? உருளைக்கிழங்கைத் துருவியா, துண்டு போட்டா? பசியோடு உட்கார்ந்தவனுக்கு நேர்முகத் தேர்வு மாதிரி இருக்கும்.

நாமும் நுணுக்கத்தில் குறைந்தவர்கள் அல்ல. கோப்பி ஓ, கோப்பி சி, கோசோங், பெங் என்று கோப்பித்தியாமில் நாம் அடுக்குவதைக் கேட்டால் அமெரிக்கர்கள் மிரண்டுபோவார்கள். ஆனால் முட்டை என்று வரும்போது அரை அவியல் இரண்டு. அவ்வளவுதான். கிச்சாப்பும் மிளகுத்தூளும் மேசையில் இருக்கும். வேண்டியதை நாமே போட்டுக் கலக்கிக்கொள்கிறோம். நம்முடைய விருப்பம் நம் கையில் இருக்கிற மிளகு டப்பாவோடு முடிந்துவிடுகிறது. டைனரில் அது இன்னொருவருடைய மணிக்கட்டுக்குப் போகிறது. தட்டையான இரும்புக் கல்லின் முன் நிற்கும் ஒருவர், என் நாக்குக்காக அந்த அரை நிமிடத்தைக் கணக்கு வைத்திருக்கிறார். நான் யோசிக்க விரும்புவது இந்த இடத்தைப் பற்றித்தான். என் விருப்பத்தை இவ்வளவு துல்லியமாக இன்னொருவர் மேல் சுமத்த எனக்கு என்ன உரிமை? இதற்கு மறுபக்கமும் உண்டு. விருப்பமே இல்லாதவர் போல இருந்துவிடுவது நல்ல குணமா?

சுலபமான பதில் ஒன்று தயாராக இருக்கிறது. இதெல்லாம் நுகர்வுக் கலாச்சாரம், பெரிய விஷயங்களில் தேர்வே இல்லாதவனுக்குச் சின்ன விஷயங்களில் நூறு தேர்வுகளைக் கொடுத்து 'நீ சுதந்திரமானவன்' என்று நம்ப வைக்கிறார்கள் என்பது அந்தப் பதில். 1974இல் பர்கர் கிங் நிறுவனம் 'உங்கள் விருப்பப்படியே' என்ற பொருளில் ஒரு விளம்பர வாசகத்தைக் கொண்டுவந்து நாடெங்கும் பாட வைத்தபோது இந்த விமர்சனத்துக்கு நல்ல தீனி கிடைத்தது. பாதி சரியான விமர்சனம்தான். ஆனால் டைனர் பர்கர் கிங்கைவிட வயதில் மூத்தது. 1872இல் ரோட் ஐலண்டின் பிராவிடென்ஸ் நகரில் வால்டர் ஸ்காட் என்பவர் குதிரை வண்டியில், பத்திரிகை அலுவலகத்துக்கு வெளியே, இரவு வேலைக்காரர்களுக்கு உணவு விற்றதிலிருந்து அதன் கதையைத் தொடங்குவார்கள். ராத்திரி முழுக்க அச்சு இயந்திரம் சொல்வதைக் கேட்டுக்கொண்டு இருந்த ஒருவனிடம் 'உனக்கு என்ன வேணும்?' என்று கேட்கப்படும் நேரம் அது ஒன்றுதான். அதை வெறும் ஏமாற்று என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

முட்டையையும் சுயத்தையும் நேராக முடிச்சுப்போட்ட ஹாலிவுட் படம் ஒன்று உண்டு. 1999இல் வந்த 'ரன்அவே பிரைட்'. ஜூலியா ராபர்ட்ஸ் நடித்த மேகி, கல்யாணத்தன்று ஓடிப்போவதையே வழக்கமாக வைத்திருப்பவள். ஒவ்வொரு காதலனோடும் இருக்கும்போது அவனுக்கு எந்த மாதிரி முட்டை பிடிக்குமோ அதையே தனக்கும் பிடித்ததாகச் சொல்வாள். ஒருவனோடு பொரித்தது, இன்னொருவனோடு வெந்நீரில் வேகவைத்தது, வேறொருவனோடு வெறும் வெள்ளைக்கரு. ரிச்சர்ட் கியர் அதைக் கண்டுபிடித்து அவள் முகத்துக்கு நேரே சொல்கிறார். பிறகு அவள் தனியாக உட்கார்ந்து எல்லா வகை முட்டைகளையும் சுவைத்துப் பார்த்து, தனக்குப் பிடித்தது எக்ஸ் பெனடிக்ட் என்று முடிவுக்கு வருகிறாள். (டைனர் அடுப்படியில் ஆக அதிக வேலை வாங்கும் முட்டை அதுதான். வெண்ணெயும் மஞ்சள் கருவும் சேர்த்து அடித்த குழம்பு தனியாக, முட்டை தனியாக, ரொட்டி தனியாக. சமையல்காரரின் பக்கமிருந்து பார்த்தால் மேகி தன்னைக் கண்டடையாமலே இருந்திருக்கலாம்.)

படம் சொல்வது இதுதான். மற்றவர்களின் விருப்பங்களை ஒவ்வொன்றாக உரித்துப் போட்டால் அடியில் நம்முடைய சொந்த முட்டை ஒன்று இருக்கும். பார்க்க அழகாக இருக்கிறது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. அதற்குக் காரணம் என் அத்தை.

நியூ ஜெர்சியில் இருக்கும் மகன் வீட்டுக்கு அத்தை போயிருந்தபோது நானும் வேலை விஷயமாக அங்கே போயிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பசியாற எல்லாரும் டைனருக்குப் போனோம். பரிமாறிய பெண்மணி அத்தையிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். அத்தை என்னைப் பார்த்தார்.

"முட்டதானடா. எப்படிப் போட்டாலும் சாப்பிடலாம்னு சொல்லு."

"அப்படிச் சொன்னா விடமாட்டாங்க அத்தை. உங்களுக்கு எப்படிப் பிடிக்கும்?"

நாற்பது வருசமாகத் தோட்டத்து வீட்டிலும் பிறகு தாமானிலும் தினமும் முட்டை போட்டவர். மாமாவுக்கு மஞ்சள் உடையக் கூடாது, மூத்தவனுக்கு வெங்காயம் வேண்டும், சின்னவளுக்கு மிளகாய் ஆகாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தன்னுடையதைச் சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"ஓரமெல்லாம் கொஞ்சம் கருகணும். மொறுமொறுன்னு."

மகன் சிரித்தான். "அம்மாவுக்கு எப்பவுமே தீஞ்சதுதான் பிடிக்கும்."

"தீஞ்சத வேற யாரு திம்பா? நாந்தானே திங்கணும்" என்றார் அத்தை. குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தால் நனையும் என்பதுபோலச் சொன்னார்.

மெய்யியலில் இதற்குப் பெயர் இருக்கிறது. தகவமைத்துக்கொண்ட விருப்பம் என்று சொல்லலாம். நார்வே நாட்டுச் சிந்தனையாளர் யோன் எல்ஸ்டர் 1983இல் இதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். எட்டாத திராட்சையைப் புளிக்கும் என்று சொன்ன நரியின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். கிடைக்காததை நமக்குப் பிடிக்காததாக மனம் மாற்றிவைத்துவிடுகிறது. அத்தையின் கதை நரியின் கதைக்குத் தலைகீழ். கிடைத்ததைப் பிடித்ததாக ஆக்கிக்கொண்டவர். அமர்த்தியா சென்னும் மார்த்தா நுஸ்பாமும் இந்த வகை விருப்பங்களை வைத்துத்தான் எச்சரித்தார்கள். ஒருவர் திருப்தியாக இருப்பதாகச் சொல்வதை மட்டும் வைத்து அவருக்கு நியாயம் கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது என்றார்கள்.

சரி, அப்படியானால் பரிமாறிய பெண்மணி என்ன செய்திருக்க வேண்டும்? 'இது உங்கள் உண்மையான விருப்பம் இல்லை, அம்மா' என்று சொல்லி நல்ல பொன்னிற முட்டையைக் கொண்டுவந்து வைப்பதா? அது இன்னொரு அதிகாரம். அவர் அப்படிச் செய்யவில்லை. எழுதிக்கொண்டு போனார். ஓரம் சிவந்து கருகி, நடுவில் மஞ்சள் உடையாமல் இரண்டு முட்டைகள் வந்தன. நல்ல கைப்பக்குவம். அத்தை தட்டைத் துடைத்துச் சாப்பிட்டார்.

ஒருவரின் விருப்பத்தை மதிப்பது ஒரு கணக்கு. அந்த விருப்பம் உருவான சூழலின் நியாயம் வேறொரு கணக்கு. முதல் கணக்கை டைனரிலேயே தீர்க்கலாம், பதினைந்து நிமிடத்தில். இரண்டாவது அந்தப் பெண்மணி தரவேண்டிய கடன் அல்ல. சிரித்தவர்கள் தரவேண்டியது. 'அம்மாவுக்குத் தீஞ்சதுதான் பிடிக்கும்' என்ற வாக்கியத்தில் எனக்கு உறுத்துவது, அவருடைய விருப்பம் அங்கே எங்கள் தரப்புச் சாட்சியாக மாறிவிடுகிறது என்பதுதான். அவருக்குப் பிடித்ததைத்தானே கொடுத்தோம், பிறகு என்ன என்கிற சாட்சி.

அதனால் விருப்பம் எங்கிருந்து வந்தது என்று தோண்டிக்கொண்டு போவதில் பெரிதாகப் பயனில்லை என்று நினைக்கிறேன். மேகியின் எக்ஸ் பெனடிக்டையும் யாரோ எங்கோ அவளுக்கு முதன்முதலில் அறிமுகப்படுத்தியிருப்பார்கள். தனியாக முளைத்த நாக்கு யாரிடமும் இல்லை. நாளைக்கு மாற்றிச் சொல்ல முடியுமா என்பதே எனக்கு முக்கியமான கேள்வி. டைனர் தினமும் புதிதாகக் கேட்கிறது. நேற்று என்ன சொன்னாய் என்பது இன்றைக்குக் கட்டுப்படுத்தாது. வீட்டில் அப்படி இல்லை. வீட்டில் நம்மைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். தெரிந்து வைத்திருப்பதுதான் அன்பு என்று நாம் வளர்ந்திருக்கிறோம். கேட்பது அந்நியத்தனம்.

இந்த இரண்டில் ஒன்றுதான் உயர்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். உளவியலாளர் ஷீனா ஐயங்கார் தன் புத்தகத்தில் சொல்லும் ஒரு சம்பவம் நன்றாக இருக்கும். கியோட்டோவில் பச்சைத் தேநீருக்குச் சர்க்கரை கேட்டிருக்கிறார். அதில் சர்க்கரை போடுவதில்லை என்று பணிவாக மறுத்திருக்கிறார்கள். வற்புறுத்தியபோது, சர்க்கரையே இல்லை என்று மேலாளர் வந்து சொல்லியிருக்கிறார். சரி என்று காப்பி கேட்டால், காப்பியோடு இரண்டு சர்க்கரைப் பொட்டலம் வந்திருக்கிறது. விருந்தினர் தப்பாகக் குடித்துவிடாமல் காப்பாற்றுவதுதான் அங்கே மரியாதை. டைனர்களில்கூட அன்றாடம் வருகிறவரிடம் 'வழக்கமானதுதானே?' என்று கேட்பார்கள். அதில் ஒரு பிரியம் இருக்கிறது. ஆனால் கவனித்தால் அதுவும் கேள்விக்குறியோடுதான் முடிகிறது.

'எதுவானாலும் பரவாயில்லை' என்ற நம்முடைய பதிலுக்கு வருகிறேன். அதை அடக்கம் என்று நினைக்கிறோம். விருந்துக்குப் போன இடத்தில் அது அடக்கம்தான். காசு கொடுத்துச் சாப்பிடும் இடத்தில் அது வேலையைத் தள்ளிவிடுவது. முடிவெடுக்கும் பாரத்தை ஏற்கெனவே இருபது பேருடைய முட்டையைத் தலையில் வைத்திருப்பவர் மேல் இன்னும் ஒன்றாக ஏற்றுகிறோம். வாஃபிள் ஹவுஸ் என்ற கடைத்தொடர் 1955இல் ஜார்ஜியாவில் தொடங்கியது, இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும். அங்கே ஆர்டரைச் சத்தமாகச் சொல்வார்கள். சமையல்காரர் அதைத் தாளில் பார்த்துச் செய்வதில்லை. தட்டின் ஓரத்தில் ஜாம் டப்பி, கடுகுப் பொட்டலம் இவற்றை வைப்பார். எது, எந்த இடத்தில், நிமிர்ந்தா கவிழ்ந்தா என்பதிலேயே யாருக்கு எந்த முட்டை என்பது எழுதப்பட்டுவிடும். பல பேருடைய நாக்கு வரிசையாகத் தட்டுகளில் கிடக்கும் காட்சி அது. இந்தத் திறமையின் முன்னால் 'எதுவானாலும்' என்பது அவமரியாதை என்றுகூட எனக்குத் தோன்றும்.

துல்லியமாகச் சொல்வது வேறு, பிடிவாதம் வேறு. 1970இல் வந்த 'ஃபைவ் ஈஸி பீசஸ்' படத்தில் ஜாக் நிக்கல்சன் ஆம்லெட்டோடு கோதுமை டோஸ்ட் கேட்கிறார். மெனுவில் மாற்றம் கிடையாது என்கிறார் பரிமாறும் பெண். உடனே ஒரு சிக்கன் சாண்ட்விச்சை ஆர்டர் செய்து, வெண்ணெய் வேண்டாம், இலை வேண்டாம், கடைசியில் சிக்கனும் வேண்டாம் என்று கழித்துக்கொண்டே வந்து டோஸ்டை எட்டப் பார்க்கிறார். தர்க்கம் அசத்தல். அதிகாரத்தை எதிர்த்த தலைமுறை அந்தக் காட்சிக்குக் கைதட்டியது. ஆனால் அந்தப் பெண் மெனுவை எழுதவில்லை. எதிர்க்கப்பட வேண்டிய அதிகாரம் அந்த அறையிலேயே இல்லை. சீருடை போட்ட ஒரு தொழிலாளிதான் இருந்தார். நிக்கல்சன் மேசையில் இருந்த கோப்பைகளை ஒரே வீச்சில் தள்ளிவிட்டுப் போகிறார். யார் பெருக்கினார்கள் என்பதைப் படம் காட்டவில்லை. பிறகு காரில் ஒரு பெண் அவருடைய சாமர்த்தியத்தைப் பாராட்டும்போது, டோஸ்ட் மட்டும் கிடைக்கவில்லையே என்கிற மாதிரி ஒரு பதில் சொல்வார். படத்திலேயே எனக்கு ஆகப் பிடித்த இடம் அது.

அந்தச் சீருடைக்குள் இருப்பவருடைய சம்பளத்தையும் சொல்லவேண்டும். டிப்ஸ் வாங்கும் தொழிலாளருக்கு முதலாளி தரவேண்டிய குறைந்தபட்சக் கூலி, அமெரிக்க மத்தியச் சட்டப்படி மணிக்கு 2.13 டாலர். 1991லிருந்து அது மாறவில்லை. டிப்ஸ் சேர்த்தும் பொதுக் குறைந்தபட்சமான 7.25 டாலரை எட்டாவிட்டால் மீதியை முதலாளி ஈடுகட்டவேண்டும் என்பது விதி. கலிபோர்னியா, வாஷிங்டன் போன்ற சில மாநிலங்களில் இந்தக் கழிவு கிடையாது, முழுக் கூலிதான். மற்ற இடங்களில் கணக்கு இப்படிப் போகிறது: முட்டை எப்படி இருக்கவேண்டும் என்பது என் விருப்பம். அதைக் கொண்டுவந்தவருக்கு எவ்வளவு போய்ச் சேரவேண்டும் என்பதும் என் விருப்பம். முதலாவது எனக்குச் சரியாகப் படுகிறது. இரண்டாவதை என் கையில் ஒப்படைத்ததில் ஒரு அநியாயம் இருக்கிறது, நான் எவ்வளவு தாராளமாகக் கொடுத்தாலும். ஒருவருடைய வீட்டு வாடகை என்னுடைய ரசனைக்குள் வரவேண்டிய விஷயமில்லை.

கோழியும் இந்தக் கணக்கில் இருக்கிறது. எப்படி வேண்டும் என்ற கேள்வி இரும்புக் கல்லிலிருந்து தொடங்குகிறது. அதற்கு முன் நடந்ததைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கலிபோர்னியாவில் 2018இல் மக்கள் வாக்களித்து, 2022லிருந்து கூண்டில் அடைக்காத கோழிகளின் முட்டைகளை மட்டுமே விற்கலாம் என்று ஆக்கினார்கள். பறவைக் காய்ச்சலில் கோடிக்கணக்கான கோழிகள் அழிக்கப்பட்டு 2025 மார்ச்சில் ஒரு டசன் முட்டையின் சராசரி விலை 6.23 டாலருக்குப் போனது. அதற்கு முந்தைய மாதமே வாஃபிள் ஹவுஸ் முட்டைக்கு 50 காசு கூடுதல் கட்டணம் போட்டுவிட்டது. முட்டைக்குப் பின்னால் கோழி இருப்பது ரசீதில் தெரிந்த தருணம் அது.

தேர்வு என்பது எப்போதும் பரிசாகவே வருவதில்லை, சில சமயம் பொறுப்பைக் கைமாற்றும் தந்திரமாகவும் வரும். 1992 தொடக்கத்தில் நியூ ஜெர்சியில் ஒரு வேடிக்கை நடந்தது. டைனர்களுக்குப் பேர்போன மாநிலம் அது. சால்மொனெல்லா கிருமி கோழியின் சினைப்பையிலேயே முட்டைக்குள் புகுந்துவிடக்கூடும் என்பதால், உணவகங்களில் மஞ்சள் ஓடும் முட்டையே பரிமாறக்கூடாது என்று சுகாதாரத்துறை விதி போட்டது. நாடே சிரித்தது. முட்டை போலீஸ் என்கிற அளவுக்குக் கேலி. கொஞ்ச நாளில் துறை இறங்கிவந்தது. வாடிக்கையாளர் கேட்டால் கொடுக்கலாம் என்றது. ஜான் ஸ்டூவர்ட் மில் இருந்திருந்தால் தலையாட்டியிருப்பார். தன் உடம்புக்கு மட்டும் வரக்கூடிய ஆபத்தை ஒருவர் தெரிந்தே ஏற்கலாம் என்பதுதான் அவர் கட்சி.

நானும் அந்தக் கட்சிதான். ஆனால் அந்தத் தீர்வு 'ஓவர் ஈஸி' என்ற இரண்டு சொல்லை ஒரு கையெழுத்தாக மாற்றிவிட்டதையும் பார்க்கவேண்டும். இன்றைக்குப் பல மெனுக்களின் அடியில், சரியாக வேகாத முட்டை நோய் தரலாம் என்று பொடி எழுத்தில் இருக்கும். கேட்டது நீ, வந்தால் உன்பாடு. பண்ணை எவ்வளவு சுத்தமாக இருந்தது என்பது என் தேர்வில் இல்லை. அதன் விளைவு மட்டும் என் தேர்வு. இந்தக் கையெழுத்தை என் அத்தையிடம் வாங்கினால் அது செல்லுமா? எப்படிப் போட்டாலும் சாப்பிடுகிறவரின் சம்மதத்துக்கு என்ன பொருள்?

இவ்வளவு நேரம் பேசியதெல்லாம் கேட்கப்பட்டவர்களைப் பற்றித்தான். அந்த நாட்டில் நெடுங்காலம் இந்தக் கேள்வியே கேட்கப்படாத மக்கள் இருந்தார்கள். 1960 பிப்ரவரி 1ஆம் தேதி வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள் வுல்வொர்த் கடைக்குள் போனார்கள். சில்லறைச் சாமான்கள் வாங்கினார்கள், காசை வாங்கிக்கொண்டார்கள். அதே கடையின் உணவு மேடையில் போய் உட்கார்ந்து காப்பி கேட்டபோது இல்லை என்றார்கள். மாணவர்கள் எழுந்திருக்கவில்லை. மறுநாள் இன்னும் சிலர் வந்தார்கள், அதற்கடுத்த நாள் இன்னும் பலர். மேடைக்குப் பின்னால் சமைத்தவர்களிலும் துடைத்தவர்களிலும் கறுப்பினத்தவர்கள் இருந்தார்கள் என்பதை மறந்துவிடக்கூடாது. வெள்ளையர்களுக்கு எந்த முட்டை எப்படி வேண்டும் என்பது அவர்களுக்கு அத்துப்படி.

ஜூலை 25ஆம் தேதி கடை இறங்கிவந்தது. அன்றைக்கு முதலில் அந்த மேடையில் உட்காரவைத்துப் பரிமாறப்பட்டவர்கள் போராடிய மாணவர்கள் அல்ல, அந்தக் கடையிலேயே வேலை செய்த கறுப்பினத் தொழிலாளர்கள். சீருடையைக் கழற்றிவிட்டு, சொந்த உடையை மாட்டிக்கொண்டு, வாடிக்கையாளர்களாக முன்பக்கம் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருவர் ஜெனிவா டிஸ்டேல். அவர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது முட்டை சாலட் சாண்ட்விச்.